1965 எம்ஜிபி ரோட்ஸ்டரில் ரேடியோ, ஏரியல்: பாசிடிவ் எர்த் வண்டி, கும்பகோணம்

குடந்தை_65

வண்டி 1965 எம்ஜிபி ரோட்ஸ்டர், வலப்பக்க ஸ்டீயரிங். டைனமோ, சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரி, பாசிடிவ் எர்த் (பேட்டரியின் பாசிடிவ் முனை பாடியோடு சேர்ந்தது). எதுவும் மாற்றப்படவில்லை. ரேடியோ வர வேண்டிய இடத்தில் எம்ஜி முத்திரை போட்ட மூடித் தகடு அப்படியே இருக்கிறது. ஏரியலுக்கு ஓட்டை இன்னும் போடவில்லை.

கேட்க வேண்டியவை: மத்திய அலையில் திருச்சி 936, எஃப்எம்மில் திருச்சி 102.1, காரைக்கால் 100.3, அப்புறம் போனில் இருந்து பாட்டு. வண்டி போவது தஞ்சாவூர், மயிலாடுதுறை, எப்போதாவது நாகப்பட்டினம்.

அந்தத் தகடு இருக்கும் கன்சோலை (டேஷ்போர்டின் நடுப்பெட்டியை) வெட்டாமல் புது ரேடியோ செட் வைக்க முடியுமா? ஏரியல் எந்தப் பக்கம்? எர்த்தை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

கட்அவுட்_திருவாரூர்

அண்ணே, கன்சோல் கடைசியில பாத்துக்கலாம். முதல்ல எர்த்.

இப்ப வர்ற எந்த செட்டா இருந்தாலும் அதோட தகரப் பெட்டி, ஏரியல் சாக்கெட்டோட வெளிவளையம், கறுப்பு வயர் மூணும் உள்ளுக்குள்ள ஒண்ணு. மூணுமே நெகடிவ். உங்க வண்டில பாடி பாசிடிவ். "கறுப்பையும் சிவப்பையும் மாத்திக் குடுத்தா போச்சு"ன்னு சொல்றவங்க இருக்காங்க. செட் ஓடும்தான். ஆனா ஏரியல் ஜாக்கைச் சொருகின நிமிஷம், இல்ல செட்டோட பின் பட்டை டேஷ்போர்டு தகரத்துல பட்ட நிமிஷம், பேட்டரி நேரா ஷார்ட். அதுல இன்னொரு வில்லங்கம்: கம்பெனி ஃப்யூஸ் இருக்கறது சிவப்பு வயர்ல. மாத்திக் குடுத்த வண்டில சிவப்பு எர்த் பக்கம் போயிருக்கும், உயிர் வயர் கறுப்புதான். அதுல ஃப்யூஸே கிடையாது. வயரும் ஏரியல் கேபிளோட பின்னலும் பழுத்து உருகினப்புறம்தான் கரண்ட் நிக்கும்.

அதனால ரெண்டே வழி. வண்டியை நெகடிவ் எர்த்துக்கு மாத்துறது, இல்ல பாசிடிவ் எர்த்துக்குன்னே செஞ்ச அந்தக் காலத்து செட்டைப் போடுறது.

பழசே_போதும்

மூன்றாவது வழியை விட்டுவிட்டீர்கள், தம்பி. உள்ளீடும் வெளியீடும் மின்தொடர்பே இல்லாமல் பிரிந்திருக்கும் 12-க்கு-12 வோல்ட் கன்வர்ட்டர் கிடைக்கிறது. அதன் வெளியீட்டு நெகடிவைப் பாடியில் கொடுத்தால் புது செட் தன் பாட்டுக்கு வேலை செய்யும். வண்டியின் வயரிங்கில் ஒரு திம்பிளைக்கூட (வயர் முனை வளையம்) கழற்ற வேண்டாம். 1967 கடைசி வரை இந்த மாடல் பாசிடிவ் எர்த்தாகத்தான் வந்தது. அதை ஒரு பாட்டுப் பெட்டிக்காக மாற்றுவது எனக்கு ஒப்பாது.

இன்னொன்று: அறுபதுகளில் வந்த டிரான்சிஸ்டர் கார் ரேடியோக்கள் பலவற்றில் பின்பக்கமோ மூடிக்குள்ளோ போலாரிட்டி மாற்றும் பிளக் இருக்கும். தேடிப் பிடித்தால் உங்கள் தகடு மூடியிருக்கும் ஓட்டையில் அளவாக உட்காரும்.

அலைவரிசை

கன்வர்ட்டர் யோசனை எஃப்எம்முக்கும் புளூடூத்துக்கும் சரி. 936 கேட்க வேண்டும் என்றால் சரிவராது. அந்த வகைக் கன்வர்ட்டர் பத்தாயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் ஸ்விட்ச் ஆகி ஓடுகிறது. அதன் மடங்குகள் வரிசையாக மத்திய அலை முழுவதும் விழும். பெட்டிக்கு அரை மீட்டர் தூரத்திலேயே அதன் சீழ்க்கை கேட்கும். சிகரெட் லைட்டரில் செருகும் மலிவான யுஎஸ்பி சார்ஜரும் இதே கேட்டைச் செய்யும். நல்ல ஃபில்டர் போட்ட கன்வர்ட்டரும் உண்டு. ஆனால் விலையைப் பார்த்தால் எர்த் மாற்றுவதே லாபம்.

பழைய செட்டைப் பொறுத்தவரை ஐயா சொல்வது அழகான வழிதான். ஆனால் அவை பெரும்பாலும் நீள அலை, மத்திய அலை இரண்டு மட்டும் உள்ளவை. நீள அலையில் நம் நாட்டில் வானொலி ஒலிபரப்பு இல்லை. 102.1, 100.3 இரண்டையும் மறந்துவிட வேண்டியதுதான். அப்படிப்பட்ட செட்டை வாங்கினால் ஸ்பீக்கர் கோக்காமல் ஆன் செய்து பார்க்கக் கூடாது. ஜெர்மானியம் அவுட்புட் டிரான்சிஸ்டர் சுமை இல்லாமல் ஓடினால் போய்விடும். இன்று மாற்றும் கிடைக்காது.

செட் வாங்கும் முன் பார்க்க வேண்டியது: இப்போது வரும் மலிவான செட்டுகளில் மத்திய அலையே இல்லை. பெட்டியில் "ஏஎம்" என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அமெரிக்கச் சந்தைக்கு வந்த செட் 10 கிலோஹெர்ட்ஸ் படியில் தாவும்: 930, அடுத்து 940. நமக்கு 9 கிலோஹெர்ட்ஸ் படி வேண்டும். 936 என்பது 9-ன் 104 மடங்கு. மெனுவில் நாடு மாற்றும் வசதி இருந்தால் கவலையில்லை. எஃப்எம்மில் 102.1, 100.3 இரண்டும் அமெரிக்கப் படியிலும் சரியாக விழும். ஜப்பானில் இருந்து கழற்றி வரும் பழைய செட் பார்க்கப் பளபளப்பாக இருக்கும். அதன் எஃப்எம் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். நம் நிலையம் ஒன்றுகூட அதற்குள் வராது.

குடந்தை_65

எஃப்எம் கண்டிப்பாக வேண்டும். அப்படியானால் எர்த் மாற்றுகிறேன். என்னென்ன வரிசையில் செய்ய வேண்டும்?

கட்அவுட்_திருவாரூர்

நிதானமா படிங்க. வரிசை தப்பினா காசு போறது டாக்கோமீட்டர்லதான், அதான் இஞ்சின் சுத்தற வேகம் காட்டற மீட்டர்.

பேட்டரி ரெண்டையும் கழட்டிடுங்க. 6 வோல்ட் ஜோடியை வச்சே செய்யலாம். ஆனா ஒரு 12 வோல்ட் பேட்டரியா மாத்திடறது நல்லது. பெட்டியோட நீளம், அகலம், உயரம் மூணையும் அளந்து எடுத்துக்கிட்டுப் போய் வாங்குங்க. உயரம் முக்கியம். மேல் மூடி இரும்பு. டெர்மினல் மூடில தட்டினா சீட்டுக்குப் பின்னாடி வெல்டிங் நடக்கும். மூடிக்கு உள்பக்கம் ரப்பர் ஷீட் ஒட்டிடுங்க. பாசிடிவ் தூண் நெகடிவை விடக் கொஞ்சம் பருமன். பழைய கிளாம்பை அப்படியே மாத்திப் போட்டா ஒண்ணு நுழையாது, இன்னொண்ணு ஆடும். புது கிளாம்ப் ரெண்டு வாங்கிக்குங்க. எர்த் வயர் பாடியில சேர்ற இடத்தை வெள்ளி மாதிரி வர்ற வரைக்கும் சுரண்டணும்.

பேட்டரி குடுக்கறதுக்கு முன்னாடி மூணு வேலை. ஒண்ணு, டாக்கோமீட்டர். உங்க மாடல்ல இருக்கறது ஸ்மித்ஸ் எலக்ட்ரானிக் மீட்டர். உள்ளே டிரான்சிஸ்டர். திருப்பின கரண்ட் போனா அது போயிடலாம். பச்சை சப்ளை வயரைக் கழட்டி டேப் சுத்தி வைங்க. மீட்டரை வெளில எடுத்து உள்ள சப்ளைக்கும் எர்த்துக்கும் போற இணைப்பை இடம் மாத்திச் சால்டர் பண்ணணும். பின்னாடி இக்னிஷன் வெள்ளை வயர் சுத்திப் போற வளையத்தோட திசையையும் திருப்பணும். வளையத்தை விட்டுட்டா முள் நகராது, இல்லன்னா தாறுமாறா ஆடும். மீட்டர் வேலை தெரிஞ்ச கையில குடுத்துடுங்க.

ரெண்டாவது, காயில். பழைய லூகாஸ் காயில்ல எஸ்டபிள்யூ, சிபின்னு எழுதியிருக்கும். ரெண்டு சின்ன வயரையும் இடம் மாத்துங்க. புது காயில்னா சாவில இருந்து வர்றது பிளஸ்ஸுக்கு, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போறது மைனஸுக்கு. மாத்தலைன்னாலும் வண்டி ஓடும், அதனாலதான் பல பேர் விட்டுடறாங்க. ஆனா பிளக்கோட நடு முனைக்கு நெகடிவ் வரணும். சூடான முனைல இருந்து பொறி சுலபமா தாவும். தலைகீழா இருந்தா அதே பொறிக்குக் கூடுதல் வோல்ட் வேணும், லோடு ஏறும்போது அடைக்கும்.

மூணாவது, ஹீட்டர் ஃபேன். நம்ம ஊர்ல அதை யார் போடப் போறா, இருந்தாலும் சுத்துற திசையைப் பாத்து வயரை மாத்துங்க. வைப்பர், ஸ்டார்ட்டர், லைட், ஹாரன் எதுக்கும் ஒண்ணும் வேண்டாம். பெட்ரோல் பம்ப் பழைய பாயிண்ட் வகைன்னா கவலையில்ல. உள்ள டயோடு வச்ச மாத்து பம்ப்னா அதுல எந்த எர்த்துன்னு எழுதியிருக்கும்.

இப்ப பேட்டரியைப் புது முறைல குடுங்க. இஞ்சின் ஆஃப். டைனமோவுல எஃப் டெர்மினல் வயரைக் கழட்டுங்க. அது ரெண்டுல சின்னது, பெரிசு டி. பேட்டரி பாசிடிவ்ல இருந்து ஒரு வயர் எடுத்து டைனமோவோட எஃப் முனையில ரெண்டு மூணு தடவை, ஒரு நொடிக்கு மேல போகாம, தொட்டுத் தொட்டு எடுங்க. சின்னப் பொறி வரும். அவ்வளவுதான், ஃபீல்டு திரும்பிடுச்சு. வயரைத் திரும்ப மாட்டுங்க. இதைச் செய்யாம ஸ்டார்ட் பண்ணினா டைனமோ பழைய திசையிலேயே கரண்ட் குடுக்கும், கட்அவுட் (டைனமோ சார்ஜைக் கட்டுப்படுத்தற பெட்டி) பாயிண்ட் ஒட்டிக்கும்.

எல்லாம் முடிஞ்சதும் கட்அவுட் மூடில "நெகடிவ் எர்த்"னு ஒரு லேபிள் ஒட்டுங்க. அடுத்து கை வைக்கிற மெக்கானிக் பழைய புத்தகத்தைப் பாத்து பேட்டரியைத் திருப்பி மாட்டினா புது ரேடியோ முதல் ஆளா போகும்.

பழசே_போதும்

மாற்றுவதென்று முடிவாகிவிட்டது, சரி. கழற்றிய கிளாம்ப், பழைய பேட்டரி இணைப்பு வயர் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். திரும்பப் போக வேண்டும் என்றால் அரை நாள் வேலைதான்.

தகரவேலை

ஏரியல் ஓட்டை பற்றி. இதைத் திருப்பிப் போட முடியாது, அதனால் ரெண்டு முறை அளந்து ஒரு முறை போடுங்கள்.

பக்கம் எது? இந்த இஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர், காயில், டைனமோ, கட்அவுட் எல்லாம் வலது பக்கம். கார்புரேட்டரும் சைலன்சர் குழாயும் இடது. இரைச்சல் கணக்குக்கு இடது மட்கார்டுதான் சரி. ஆனால் நம் ஊரில் இடது பக்கம் சாலையோரப் பக்கம். தஞ்சாவூர் சாலையில் புளியங்கிளை, உள்சாலைகளில் கருவேல முள், அறுவடை நேரத்தில் வைக்கோல் வண்டி, எல்லாம் அந்தப் பக்கம்தான் உரசும். அதனால் முழுதாக உள்ளே இறங்கும் மடக்கு ஏரியல் போடுங்கள். மோட்டார் ஏரியல் வேண்டாம். அதன் பல் வைத்த நைலான் கயிறு தூசியும் ஈரமும் சேர்ந்தால் சிக்கி அறுந்துவிடும்.

இடம்: மட்கார்டின் மேல் பக்கம், பின் கோடியில், பானெட்டுக்கும் கதவுக்கும் நடுவே. கீழே இருந்து பார்த்தால் அங்கே தண்ணீர் தடுப்புத் தகடு ஒன்று நிற்கும். அதற்குப் பின்னால்தான் சேறு தேங்கி மட்கார்டு அழுகும். சக்கரத்தைக் கழற்றி உள்ளே கையை விட்டு, ஏரியல் குழாய்க்கு நீளம் இருக்கிறதா, சக்கரம் முழுதாகத் திரும்பும்போது இடிக்குமா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே குறி போட வேண்டும். ஓட்டை பெரும்பாலும் 22 மி.மீ. ஏரியல் அட்டையில் போட்டிருக்கும் அளவே வேதம்.

மேலே இரண்டு சுற்று மாஸ்கிங் டேப். சென்டர் பஞ்ச் லேசாக ஒரு தட்டு. 3 மி.மீ. பிட்டில் முதல் ஓட்டை, பிறகு படி பிட்டால் மெதுவாக அகலப்படுத்துங்கள். ஹோல்சா (வட்ட ரம்பம்) வேண்டாம், பெயின்டில் வழுக்கி ஓடும். இரும்புத் தூள் ஒன்றுகூட மட்கார்டு மேல் விடக் கூடாது. ஒரே மழையில் துருப்புள்ளி விழும். வெட்டு விளிம்பில் ஜிங்க் பிரைமர், அது காய்ந்தபின் பெயின்ட்.

கீழ்ப்பக்கம் மட்டும் ஏரியலின் பல் வைத்த வளையம் அமரும் அளவுக்குப் பெயின்டைச் சுரண்டி நல்ல தகரம் தெரிய வைக்க வேண்டும். எர்த் அங்கேதான். மேலே ரப்பர், கீழே சுத்தமான இரும்பு. பலர் மேல் பெயின்டைச் சுரண்டிவிட்டுக் கீழே அண்டர்கோட்டிங் மேலேயே இறுக்கிவிடுவார்கள். இறுக்கியபின் சுற்றிலும் கிரீஸ் தடவி, அதற்கு மேல் அண்டர்கோட்டிங் அடியுங்கள். குழாயின் அடியில் ஒரு வடிகால் ஓட்டை இருக்கும், அதை மட்டும் மூடிவிடாதீர்கள்.

கேபிள் கால்வைக்கும் பகுதிக்குள் நுழையும் இடத்தில் கிராமெட் (ரப்பர் வளையம்) கட்டாயம். நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் தண்ணீர் கேபிள் வழியாக உள்ளே வராமல் வளைவிலேயே சொட்டிவிடும்.

நாகை_உப்புக்காற்று

மேலே சொன்னதோடு கடலோரத்துக்குச் சேர்க்க வேண்டியது கொஞ்சம். நாகை, காரைக்கால் பக்கம் நிறுத்தும் வண்டியில் முதலில் போவது செம்புப் பின்னல். ஏரியல் அடியில் கேபிள் சேரும் இடத்தில் பச்சை பூத்து, எர்த் பேருக்கு மட்டும் இருக்கும். எஃப்எம் அப்போதும் ஓரளவு கேட்கும். மத்திய அலை மங்கிப் போய் இஞ்சின் சத்தம் மேலெழும்.

மீட்டர் வைத்து மூன்று அளவு பாருங்கள். ஏரியல் நுனிக்கும் ஜாக்கின் நடு முள்ளுக்கும் இடையில் கிட்டத்தட்ட பூஜ்ஜியம். ஜாக்கின் வெளிப்பக்கத்துக்கும் பேட்டரி நெகடிவுக்கும் இடையில் அரை ஓமுக்குக் கீழே. நுனிக்கும் பாடிக்கும் இடையில் தொடர்பே இருக்கக் கூடாது. ஜாக்கைச் செட்டில் இருந்து பிடுங்கிவிட்டு அளக்க வேண்டும். மூன்றாவது அளவை அடிப்பாகத்தில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு இன்னொரு முறை பாருங்கள். காய்ந்த நேரத்தில் சரியாகக் காட்டி, நனைந்தால் சில ஆயிரம் ஓமுக்கு இறங்கினால் உள்ளே பிளாஸ்டிக் விரிசல் விட்டிருக்கிறது. ஐப்பசி மழையில் 936 காணாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

குடந்தை_65

ஏரியலோடு வரும் கேபிள் குட்டையாக இருக்கிறது. டிவி கேபிள் வீட்டில் இருக்கிறது, அதை ஒட்டிக்கொள்ளலாமா?

அலைவரிசை

எஃப்எம் மட்டும் என்றால் ஒட்டலாம். மத்திய அலைக்கு வேண்டாம். காரணம் இது.

102.1 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் சுமார் 73 செ.மீ., 100.3-க்குச் சுமார் 75 செ.மீ. அந்த அளவுக்கு ஏரியலை இழுத்தால் அது முழு ஏரியலாக வேலை செய்கிறது. 936 கிலோஹெர்ட்ஸுக்கோ அலைநீளம் 320 மீட்டர். கால் பங்கே 80 மீட்டர். நம் ஒரு மீட்டர் கம்பி அதற்கு முன்னால் ஒரு ஊசி. மின்கணக்கில் அது சுமார் 10 முதல் 15 பிகோஃபாரட் கொண்ட குட்டிக் கண்டென்சர் மட்டுமே. கேபிளின் சொந்தக் கெப்பாசிட்டன்ஸ் எர்த்துக்குப் போகும் ஓட்டை மாதிரி அதன் சிக்னலைக் குடிக்கும்.

வயர்லெஸ் கடையில் கிடைக்கும் ஆர்ஜி-58 மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட். டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 சுமார் 53. கார் ஏரியலுக்கென்றே செய்யும் கேபிளில் நடுக்கம்பி முடி போல மெல்லியது, சுற்றிலும் பெரும்பாலும் காற்று. அதனால் இவற்றை விட மிகக் குறைவு. ஒன்றரை மீட்டர் ஆர்ஜி-58 போட்டால் கேபிள் மட்டும் 150 பிகோஃபாரட், கம்பியைப் போல் பத்து மடங்கு. சிக்னலில் பத்தில் ஒரு பங்குதான் செட்டுக்குப் போய்ச் சேரும். ஆகவே இரண்டு பக்கமும் ஜாக் வைத்து வரும் கார் ஏரியல் நீட்டிப்புக் கேபிளை வாங்குங்கள். வேண்டிய நீளத்துக்கு மேல் வாங்கிச் சுருட்டி வைக்காதீர்கள்.

டெல்டா இந்த விஷயத்தில் கொடுத்துவைத்த இடம். ஈர வண்டல் மண் மத்திய அலைத் தரை அலையை நன்றாகக் கடத்தும். பகலில் 936 கடற்கரை வரை வரும். எஃப்எம்மில் மயிலாடுதுறைக்குப் பக்கம் காரைக்கால், தஞ்சாவூருக்குப் பக்கம் திருச்சி. குடந்தையில் இரண்டுமே எட்டத்தில் இருப்பவை. ஏரியல் உயரமாக நின்றால்தான் ஸ்டீரியோ நிற்கும். கண்ணாடியில் ஒட்டும் ஏரியல் அங்கே தாங்காது.

பழைய வகைச் செட் என்றால் ஏரியல் சாக்கெட் பக்கத்தில் சிறு திருகு ஒன்று இருக்கும். ஏரியலை முழுதாக இழுத்து, 1200-க்கும் 1400-க்கும் நடுவே மெல்லியதாகக் கேட்கும் ஏதாவது நிலையத்தை வைத்து, சத்தம் அதிகபட்சம் ஆகும் வரை அதைத் திருகுங்கள். 936-ஐ வைத்துத் திருகாதீர்கள். பலமான நிலையத்தில் வித்தியாசம் காதுக்குத் தெரியாது.

கட்அவுட்_திருவாரூர்

கரண்ட் எடுக்கற இடம். உங்க ஃப்யூஸ் பெட்டியில ரெண்டு ஃப்யூஸ்தான். ஏ2-ல ஊதா வயர், எப்பவும் உயிரோட இருக்கும். ஏ4-ல பச்சை, சாவி போட்டாத்தான். செட்டோட மஞ்சள் ஏ2-க்கு, சிவப்பு ஏ4-க்கு. மஞ்சள்ல செட்டுக்குச் சொன்ன ஃப்யூஸ், சாதாரணமா 10 ஆம்ப், ஃப்யூஸ் பெட்டிக்குப் பக்கத்திலேயே வரணும். செட்டுக்குப் பின்னாடி இருக்கறது வழியில வயர் உரசினா காப்பாத்தாது. 2.5 சதுர மி.மீ. வயர் போதும். கறுப்பை டேஷ்போர்டு திருகுல மாட்டாதீங்க, பெயின்ட் மேல பெயின்ட் அது. பல்க்ஹெட்ல (இஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவுல இருக்கற தகரச் சுவர்) தனி போல்ட், சுரண்டின தகரம், பல் வாஷர்.

பழைய லூகாஸ் 35 ஆம்ப் ஃப்யூஸ்னா 35-ல எரியும், தொடர்ந்து தாங்கறது 17 ஆம்ப்தான். கடையில வாங்கற இப்போதைய ஃப்யூஸ்ல எழுதியிருக்கறது தொடர்ந்து தாங்கற அளவு. 35-ன்னு கேட்டு வாங்கிப் போட்டா வயர்தான் ஃப்யூஸ். 17 கிடைக்கலைன்னா 15 போடுங்க.

இந்த சி40 டைனமோ முழு வேகத்துல குடுக்கறதே 22 ஆம்ப். ராத்திரி மழையில ஹெட்லைட், பார்க் லைட், இக்னிஷன், வைப்பர் எல்லாம் சேர்ந்தா கிட்டத்தட்ட அதுவே தீந்துடும். ஐட்லிங்ல டைனமோ ஒண்ணும் தராது. ரேடியோ தாங்கும். தனி ஆம்ப்ளிஃபையர், சப்வூஃபர் எல்லாம் இந்த வண்டிக்கு வேண்டாம்ணே. மாசக்கணக்குல நிறுத்துற வண்டின்னா பேட்டரி கட் ஸ்விட்ச் போடுங்க. செட் மெமரி 5 மில்லிஆம்ப் இழுத்தாலே மாசத்துக்கு 3.6 ஆம்ப்-அவர் போயிடும்.

தகரவேலை

கன்சோல் கேள்வி பாக்கி நிற்கிறது. இப்போதைய ஒற்றை டின் (கார் ரேடியோவுக்கான பொது அளவு) செட்டுக்கு வேண்டிய வாய் 182 × 53 மி.மீ. உங்கள் தகட்டைக் கழற்றி அளந்து பாருங்கள். பழைய வாய் அதைவிட ஒரு சுற்று சின்னதாகத்தான் இருக்கும். அரத்தால் தேய்த்து நுழைத்தவர்கள் உண்டு. நுழைந்த பிறகு தகடு திரும்ப உட்காராது. எனக்குப் பிடித்தது இரண்டு குமிழ் வைத்த பழைய தோற்றத்துப் புது செட்: குமிழ்த் தண்டுகளின் இடைவெளியை மாற்றிக்கொள்ளலாம், பழைய வாயிலேயே உட்காரும், உள்ளே எஃப்எம், புளூடூத் எல்லாம் இருக்கும். இல்லையென்றால் சிடி இல்லாத குட்டை செட்டைப் பக்கத்து சீட் பக்கம் டேஷ்போர்டுக்கு அடியில் பட்டை வைத்துத் தொங்கவிடுங்கள், எம்ஜி தகடு இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். எந்த செட்டானாலும் பின்பக்கம் பட்டை போட்டு பல்க்ஹெட்டில் தாங்க வேண்டும். முன் வாயிலேயே தொங்கினால் நம் சாலைக் குலுக்கலில் கன்சோல் விரியும்.

ஸ்பீக்கர்: கன்சோலில் ஒன்றுக்குத்தான் இடம். இடது, வலது சேனல்களின் மைனஸ் வயர்களை ஒன்றாக முறுக்கி ஒரே ஸ்பீக்கரில் கொடுத்தால் செட்டின் அவுட்புட் ஐசி போகும். மைனஸைப் பாடியில் கொடுத்தாலும் அப்படியே. ஒரே கூம்பில் 4 ஓம் காயில் இரண்டு உள்ள ஸ்பீக்கர் கேட்டு வாங்குங்கள். கதவில் வைப்பதானால் கண்ணாடியை முழுதாக இறக்கிவிட்டு ஆழம் அளக்க வேண்டும். கதவுக்குள் மழைத் தண்ணீர் ஓடும். காகிதக் கூம்பு ஒரு பருவத்தைத் தாண்டாது.

குடந்தை_65

எர்த் மாற்றம், டாக்கோமீட்டர், ஏரியல், இரண்டு குமிழ் செட் எல்லாம் முடிந்தது. மீட்டர் அளவு மூன்றும் நாகை நண்பர் சொன்னபடி வருகிறது. இஞ்சின் நின்றிருந்தால் 936 தெளிவு. ஸ்டார்ட் செய்தால் சடசட, வேகத்தோடு கூடுகிறது. எஃப்எம்மில் லேசாக மட்டும்.

அலைவரிசை

இரண்டு சோதனை. இஞ்சினை வேகமாக ஓடவிட்டுச் சாவியை அணையுங்கள், ரேடியோவுக்கு மட்டும் தனியாகக் கரண்ட் கொடுத்து. சத்தம் அந்தக் கணமே நின்றால் இக்னிஷன். இஞ்சின் சுழற்சி தேயத் தேய இறங்கி நின்றால் டைனமோ. அடுத்து, ஓடும்போது ஏரியல் ஜாக்கைப் பிடுங்குங்கள். சத்தம் போய்விட்டால் வானத்து வழியாக ஏரியலுக்குள் வருகிறது. போகாவிட்டால் கரண்ட் வயர் வழியாக வருகிறது.

குடந்தை_65

சாவியை அணைத்ததும் உடனே நிற்கிறது. ஜாக்கைப் பிடுங்கினாலும் நிற்கிறது. ஆனால் ஜாக் இல்லாதபோது மெல்லிய ஊளை ஒன்று மிச்சம், அது வேகத்தோடு ஏறி இறங்குகிறது.

கட்அவுட்_திருவாரூர்

அப்ப ரெண்டு நோய். ஊளை டைனமோ. 1 மைக்ரோஃபாரட் சப்ரஸர் (இரைச்சலை அடக்கற) கண்டென்சரை டைனமோ டி டெர்மினல்ல மாட்டி, அதோட பாடியை டைனமோ போல்ட்லயே இறுக்குங்க. எஃப்-ல மட்டும் மாட்டாதீங்க. கட்அவுட்டோட ரெகுலேட்டர் பாயிண்ட் கருகிடும். இன்னொண்ணு காயில்ல சாவிப் பக்கத்து டெர்மினல்ல. டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் மாட்டினா பொறி செத்துடும், வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. டிக் டிக்குன்னு தனியா ஒரு சத்தம் வந்தா அது பெட்ரோல் பம்ப். வலது பின் சக்கரத்துக்கிட்ட இருக்கு, அதுக்கும் ஒண்ணு.

சடசடப்புக்கு பிளக் வயர். உங்களோடது 25டி4 டிஸ்ட்ரிபியூட்டர். பக்கவாட்டுல வயர் நுழையற மூடியா இருந்தா உள்ள கூர் திருகு செம்புக் கம்பியைக் குத்திப் பிடிக்கும். அதுல கார்பன் வயரைப் போட்டா திருகு நூலைக் கிழிச்சுடும், ஒரு சிலிண்டர் விட்டு விட்டு அடிக்கும். செம்பு வயரையே வச்சுக்கிட்டு பிளக் முனைல 5 கிலோஓம் ரெசிஸ்டர் கேப் நாலு போடுங்க. இல்ல, பிபி6இஎஸ்-க்குப் பதிலா பிபிஆர்6இஎஸ் பிளக், அந்த ஆர் ரெசிஸ்டரைக் குறிக்கும். ரெண்டுல ஒண்ணு போதும்.

குடந்தை_65

கண்டென்சர் மூன்று, ரெசிஸ்டர் கேப் நான்கு. ஊளை போய்விட்டது. சடசட முக்கால்வாசி குறைந்தது. பானெட்டைத் தூக்கினாலும் மூடினாலும் மிச்சச் சத்தம் ஒரே மாதிரி இருக்கிறது.

தகரவேலை

பானெட்டை மூடினால் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் பானெட்டுக்கு எர்த் இல்லை. இந்த வருடத்து பானெட் அலுமினியம். கீல் இரும்பு, நடுவே பெயின்ட், லாக் பக்கம் ரப்பர். இஞ்சின் மேல் மிதக்கும் தகடாகி, அதுவே பொறி இரைச்சலை ஏரியலுக்குத் தூக்கிக் கொடுக்கிறது.

10 மி.மீ. அகல ஈயம் பூசிய செம்புப் பின்னல் பட்டை இரண்டு, இரண்டு முனையிலும் திம்பிள். ஒவ்வொரு கீலிலும், பானெட் பக்கத்துப் போல்டில் இருந்து பாடி பக்கத்துப் போல்டுக்கு, திறந்து மூடும்போது இழுபடாத நீளம் விட்டு. அலுமினியம் பக்கம் செம்பை நேரடியாக வைக்காதீர்கள், நம் ஈரத்தில் அரித்துவிடும். நடுவே ஈயம் பூசிய வாஷர் ஒன்று, மேலே கிரீஸ். இஞ்சினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் பட்டையையும் அப்போதே கழற்றிச் சுரண்டி மாட்டுங்கள். ரப்பர் மவுண்டிங் மேல் நிற்கும் இஞ்சினுக்கு அது ஒன்றுதான் வழி.

குடந்தை_65

இரண்டு பட்டையும் போட்டாயிற்று. பானெட்டை மூடினால் 936-ல் இரைச்சல் இல்லை. திறந்தால் வருகிறது. காரைக்கால் 100.3 குடந்தை ஊருக்குள் கட்டடங்களுக்கு நடுவே விட்டுவிட்டு வருகிறது, ஆடுதுறை தாண்டினால் விடாமல் நிலையாக வருகிறது.

அலைவரிசை

அது ஏரியலின் குறையல்ல. ஊருக்குள் செட்டை மோனோவில் வையுங்கள், மெனுவில் இருக்கும். கம்பியை 75 செ.மீ.க்கு மேல் இழுத்திருந்தால் எஃப்எம் கேட்கும்போது அந்த அளவுக்கு இறக்குங்கள். 936 கேட்கும்போது முழுதாக இழுத்துக்கொள்ளலாம்.